டாக்ஸிக்காரரின் பேரேடு

மேல் போர்ஷன் மாமாவுக்கு ஒரே பையன். இன்ஜினீயரிங் முடித்து, கேம்பஸில் கிடைத்த வேலையில் பதினோரு மாதம் இருந்தான். அப்புறம் ஒரு நாள் கீபோர்டு ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு, மைக் ஒன்று என்று ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கி, 'இனிமே கம்போஸிங்தான்' என்று அறிவித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். சினிமா மியூஸிக்கா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறான். 'கன்டெம்ப்ரரி' என்கிறான். மாமிக்கு அது ஏதோ தொற்று வியாதி மாதிரி காதில் விழுந்திருக்கிறது. மிளகு ரசம் வைத்துக் கொடுக்கிறாள்.

போன வாரம் மாமா கையில் ஒரு காகிதத்துடன் இறங்கி வந்தார்.

"ஏம்ப்பா, நீ பி.காம். ஆச்சே. இந்தத் தொழில்ல வருமானம் எப்படி வரும், எப்ப வரும்னு கொஞ்சம் சொல்லேன். ஒரு நாப்பது வயசுக்குள்ளயாவது ஏதாவது வந்துடுமா?"

பி.காம். படித்தவனைப் பற்றி உலகத்துக்கு இரண்டு அபிப்பிராயம் உண்டு. ஒன்று, இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போடத் தெரியும். இரண்டு, பகலில் வீட்டில்தான் இருப்பான். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற என் விஷயத்தில் இரண்டாவது சரி.

நாற்பது என்று அவர் சொன்னதும் எனக்கு ஃபிலிப் கிளாஸ் ஞாபகம் வந்தது. அமெரிக்கர். 'தி ட்ரூமன் ஷோ' (1998), 'தி ஹவர்ஸ்' (2002) பார்த்தவர்கள் காதில் அவர் இசை விழுந்திருக்கும். முன்னதில் பியானோ வாசிப்பவராக ஒரு நிமிஷம் முகத்தையும் காட்டுவார். ஆப்பரா, ஸிம்ஃபனி, சினிமா என்று எழுதிக் குவித்தவர். உலகத்தின் பெரிய அரங்குகள் எல்லாவற்றிலும் வாசிக்கப்பட்டவர்.

"மாமா, அந்த மனுஷன் 41 வயசு வரைக்கும் நியூயார்க்ல டாக்ஸி ஓட்டினார்" என்றேன்.

மாமா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நான் நினைத்தேன்.

கிளாஸின் கதையைப் பொதுவாக 'கஷ்டப்பட்டார், கஷ்டப்பட்டார், ஒரு நாள் உலகம் கண்டுகொண்டது' என்று சொல்வார்கள். நான் அதைக் கணக்குப் பதிவியலாகப் படித்தேன். ஒரு இளம் கம்போஸர் இருபது வருஷம் எதை வரவு வைத்தார், எதைப் பற்று எழுதினார், எதை மட்டும் விற்க மறுத்தார் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. டாக்ஸியே வேறு மாதிரி தெரிகிறது.

1937-ல் பால்டிமோரில் பிறந்தார். அப்பாவுக்கு ஒரு கடை. ரேடியோ ரிப்பேர், கூடவே ரிகார்டு விற்பனை. சில ரிகார்டுகள் விற்காமல் தேங்கிவிடும். சாதாரணக் கடைக்காரர் தள்ளுபடி போர்டு மாட்டுவார். இவர் 'இது ஏன் விற்கலை?' என்று கண்டுபிடிப்பதற்காக ராத்திரி அவற்றை வீட்டுக்கு எடுத்துவந்து போட்டுக் கேட்பாராம். தேங்கினவையெல்லாம் பார்டாக், ஷோஸ்டகோவிச் போன்ற அந்தக் காலத்து நவீன ஆசாமிகள். குறையைக் கண்டுபிடிக்கக் கேட்க ஆரம்பித்தவருக்கு, கேட்டுக் கேட்டுப் பிடித்தே போய்விட்டது. ஆக, பையனின் சங்கீத ஞானம் முழுக்க டெட் ஸ்டாக்கில் ஆரம்பித்தது.

கடையில் அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் முதல் வேலை, பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து ரிகார்டு உடைப்பது. உடைந்துபோன ரிகார்டுக்குக் கம்பெனி பணம் திருப்பித் தரும். விற்காத ரிகார்டுக்குத் தராது. புரிகிறதல்லவா? கிளாஸே தன் சுயசரிதையில் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிற விஷயம் இது. எங்கள் ஆடிட்டிங் பேப்பரில் இதற்கு வேறு பெயர்.

எட்டு வயசில் புல்லாங்குழல். பதினைந்து வயசில் சிகாகோ யூனிவர்சிடி. கணிதமும் தத்துவமும் படித்துப் பத்தொன்பதில் டிகிரி வாங்கிக்கொண்டு, இனி நியூயார்க் போய் மியூஸிக் படிக்கப்போகிறேன் என்றார். அம்மா ஒரு லைப்ரேரியன். உன் ஹென்றி மாமா மாதிரி ஊர் ஊராகச் சுற்றி ஹோட்டல் ரூமிலேயே காலத்தைக் கழிக்கப் போகிறாய் என்று எச்சரித்தார். ஹென்றி மாமா டிரம் வாசிப்பவர். பிற்காலத்தில் கிளாஸ் ஊர் ஊராகச் சுற்றி ஹோட்டல் ரூமிலேயேதான் காலத்தைக் கழித்தார் என்பது வேறு விஷயம். அம்மாக்கள் எந்தத் தேசத்திலும் தப்பாகச் சொல்வதில்லை. நேரம்தான் முன்னே பின்னே ஆகிறது.

ஃபீஸுக்குப் பணம்? ஒரு ஸ்டீல் ஆலையில் கிரேன் ஓட்டிச் சேர்த்தார். அப்புறம் ஜூலியர்ட் பள்ளி. பிறகு ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணத்தில் இரண்டு வருஷம் பிட்ஸ்பர்க் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளின் பாண்டுக்கும் கோரஸுக்கும் எழுதினார். இதுவரை எல்லாம் ஒழுங்கான பாதை. இந்தப் பாதையில் போகிறவர்கள் அடுத்து ஒரு காலேஜில் லெக்சரராகி, பென்ஷனோடு ரிடையர் ஆவார்கள்.

இவர் 1964-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பாரிஸுக்குப் போய் நாடியா பூலான்ஜே என்ற அம்மாளிடம் சேர்ந்தார். எழுபத்தேழு வயசு. அமெரிக்க கம்போஸர்களில் பாதிப் பேருக்கு வாத்தியார். இவர் கொண்டுபோன கத்தை நோட்ஸை ஒன்றும் பேசாமல் புரட்டி, ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்து, இந்த வரியை ஒரு நிஜமான கம்போஸர் எழுதியிருக்கிறார் என்றாராம். அடுத்த இரண்டு வருஷத்துக்கு அந்த அம்மாள் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். மறுநாளிலிருந்து சரளி வரிசை! இருபத்தேழு வயசு, கையில் மாஸ்டர்ஸ் டிகிரி, நடுவில் உட்காரவைத்து அரிச்சுவடி. வாராவாரம் பக்கம் பக்கமாகப் பயிற்சி எழுதிக்கொண்டு போகவேண்டும். ஒரு தடவை அத்தனை பக்கத்தில் ஒரு இடத்தில் விதி மீறியதைக் கண்ணால் புரட்டியே பிடித்துவிட்டு, உனக்கு ஜுரமா, தலைவலியா, வீட்டில் ஏதாவது பிரச்னையா என்று விசாரித்திருக்கிறார். ஒன்றுமில்லை என்றதும், அப்படியானால் இந்தக் கவனக் குறைவுக்கு என்னதான் காரணம் என்று ஆரம்பித்தாராம். நம் ஊர்ப் பழைய பாட்டு வாத்தியார்கள் தொடையில் கிள்ளுவார்கள். இது அதைவிட வலிக்கும்.

பாரிஸில்தான் நமக்குச் சம்பந்தமான விஷயம் நடந்தது. 'சாப்பாக்வா' என்ற படத்துக்கு ரவிசங்கர் இசையமைக்க வந்திருந்தார். அவர் மனசில் இருப்பதை பிரெஞ்சு வாத்தியக்காரர்கள் படித்து வாசிக்கிற மாதிரி ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுத ஒரு ஆள் வேண்டும். கிளாஸுக்கு வேலை கிடைத்தது. ரவிசங்கர் வாசித்துக் காட்ட, இவர் எழுத, மற்றவர்கள் வாசிக்க... எங்கேயோ இடித்தது. பக்கத்தில் தபலாவோடு அல்லா ரக்கா, அப்படி இல்லை, எல்லா ஸ்வரமும் சமம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். மேற்கத்திய முறையில் நாலு நாலாகக் கோடு கிழித்து எழுதினால் ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு அழுத்தம் தானாக வந்து விழும். நம்முடையதில் அந்த அழுத்தம் கிடையாது. ஆவர்த்தனம் சுற்றிக்கொண்டு வந்து சமத்தில் இறங்கும். கடைசியில் கிளாஸ் ஒரு காரியம் செய்தார். கோடுகளை எல்லாம் அழித்துவிட்டார். கண் முன்னால் தாளம் ஒரு நதி மாதிரி ஓடியது என்கிறார்.

கோடு அழித்த அந்த ரப்பர் துண்டுதான் அவருடைய முதல் மூலதனம் என்று நான் சொல்வேன். அவர் பின்னால் எழுதிய சங்கீதத்தின் சூட்சுமமே அதுதான். ஐந்து ஸ்வரத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பது, காது சலிக்கிற சமயம் பார்த்து ஒன்றைக் கூட்டுவது, அப்புறம் இன்னொன்று, பிறகு ஒவ்வொன்றாகக் குறைப்பது. நம் லய வித்வான்கள் இதை ஸ்ரோதோவஹ யதி, கோபுச்ச யதி என்று பெயர் வைத்து, நதி மாதிரி விரிவது, பசுவின் வால் மாதிரி குறுகுவது என்று நூற்றாண்டுகளாகக் கையாள்கிறார்கள். நமக்கு இது கச்சேரியில் இரண்டு நிமிஷம். கிளாஸுக்கு இதுவே கச்சேரி.

அங்கிருந்து தரை மார்க்கமாகத் துருக்கி, இரான், ஆப்கானிஸ்தான் எல்லாம் தாண்டி மனைவியோடு இந்தியா வந்து பார்த்துவிட்டு, 1967-ல் நியூயார்க் திரும்பினார். வயசு முப்பது. அடுத்த வருஷம் வசந்தத்தில் குவீன்ஸ் காலேஜில் ஒரு கச்சேரி. அரங்கத்தில் ஆறு பேர். அதில் ஒருவர், பால்டிமோரிலிருந்து ரயிலேறி வந்த அம்மா. கச்சேரி முடிந்ததும் சங்கீதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலைமுடி ரொம்ப நீளமாக இருக்கிறது, வெட்டிக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

"மேல வரைக்கும் கேக்குது, எங்கம்மாவும் அதையேதான் சொல்றா!" என்று மாடிப்படியிலிருந்து குரல். கதவைத் திறந்துகொண்டு பையன் வந்துவிட்டான். நல்லதாகப் போயிற்று. சொல்லவேண்டியதில் பாதி அவனுக்குத்தான்.

இப்போது செலவுப் பக்கம். மனைவி, 1968-ல் ஒரு பெண் குழந்தை, 1971-ல் ஒரு பையன். வாடகை. வாத்தியங்களுக்கு வேறு செலவு. வரவுப் பக்கத்தில் சங்கீதம் என்ற தலைப்பில் ஒன்றுமே இல்லை. ஆகவே ஸ்டீவ் ரைக் என்ற இன்னொரு கம்போஸரோடு சேர்ந்து வீட்டு சாமான் தூக்குகிற கம்பெனி ஒன்று நடத்தினார். இரண்டு பேருமே பிற்காலத்தில் உலகப் புகழ். நியூயார்க்கில் யார் வீட்டு பீரோவையெல்லாம் அவர்கள் மாடி ஏற்றினார்களோ, அந்தப் புண்ணியவான்களுக்கே தெரியாது. ரிச்சர்ட் ஸெர்ரா என்ற சிற்பிக்கு அஸிஸ்டென்டாக ஈயம் உருக்கி ஊற்றினார். பிளம்பர் வேலை கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அவர் ராபர்ட் ஹ்யூஸ், 'டைம்' பத்திரிகையின் கலை விமரிசகர். குனிந்திருந்த ஆசாமியைப் பார்த்து அதிர்ந்துபோய், நீங்கள் ஃபிலிப் கிளாஸ் ஆயிற்றே, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று பதறினார். உங்கள் மெஷினை மாட்டுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார் கிளாஸ். நீங்கள் ஒரு கலைஞர் என்றார் ஹ்யூஸ். ஆமாம், சில சமயம் பிளம்பரும்கூட. கொஞ்சம் தள்ளிப்போனால் வேலையை முடிப்பேன் என்று பதில் வந்தது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எல்லாரும் 'ஐயோ பாவம்' என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழாய் ரிப்பேரில் ஒரு சௌகரியம், ஐந்து மணிக்கு ஸ்பானரைக் கீழே வைத்தால் மண்டையில் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வராது. காலேஜ் உத்தியோகத்தில் வரும்; கமிட்டி வரும், ஹெச்.ஓ.டி. வருவார், அவருக்குப் பிடித்த மாதிரி எழுதவேண்டிய நிர்ப்பந்தம் வரும். கிளாஸ் யூனிவர்சிடிப் பக்கமே போகவில்லை. சங்கீதத்தைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் வாடகைக்கு விட்டார் - முதுகை, கையை, ராத்திரிகளை.

சங்கீதத்துக்காக இந்தக் கையை வேறு விதமாகவும் உபயோகித்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாமில் ஒரு கச்சேரியில் ஒரு ஆள் பொறுக்க முடியாமல் மேடையில் ஏறிக் கண்டபடி கட்டைகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டான். கிளாஸ் இடது கையால் அவனை ஒரு குத்து குத்திவிட்டு, வலது கையால் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். இந்த சங்கீதத்தில் ஒரு கை போதும் என்பதற்கு விரோதிகள் இதை ஆதாரமாகக் காட்டலாம்.

இனி அஸெட் பக்கம். தம்பி, இது உனக்கு.

1968-ல் கிளாஸ் தனக்கென்று ஒரு சின்னக் குழு சேர்த்தார். மின்சார ஆர்கன்கள், ஸாக்ஸஃபோன், புல்லாங்குழல், ஒரு பாட்டுக்காரி, ஒரு ஒலி இன்ஜினீயர். சபாக்கள் கூப்பிடவில்லை. மாடி அறைகளிலும் ஓவியக் காலரிகளிலும் வாசித்தார்கள். கொஞ்சம் பெயர் வந்ததும் வெளியூர்க் குழுக்கள் நோட்ஸ் அனுப்பச் சொல்லிக் கேட்டன. இளம் கம்போஸர்கள் இந்த மாதிரிக் கடிதத்துக்காகத் தவம் கிடப்பார்கள். கிளாஸ் தரமாட்டேன் என்றுவிட்டார். இந்த இசை வேண்டுமா, எங்களைக் கூப்பிடுங்கள், நாங்களே வந்து வாசிக்கிறோம். மற்றவர்கள் சுமாராக வாசித்துக் கெடுக்கவும் மாட்டார்கள், குழுவுக்கும் வேலை. குழுவில் இருந்தவர்களை முறையாகச் சம்பளப் பட்டியலில் ஏற்றி, வருஷத்தில் தேவையான வாரங்களுக்குச் சம்பளம் காட்டி, கச்சேரி இல்லாத நாளில் அரசாங்கத்தின் வேலையில்லாக் காப்பீடு கிடைக்கும்படி செய்தார். சட்டப்படி சரி. ரிகார்டு உடைத்த பையன் எவ்வளவு தூரம் முன்னேறிவிட்டான் பாருங்கள்.

எழுதியதன் உரிமையையும் வெளியே விடவில்லை. அங்கே ஒரு படைப்பு வாசிக்கப்பட்டால் வருகிற ராயல்டியில் எழுதினவருக்குப் பாதி, பப்ளிஷருக்குப் பாதி. கிளாஸ் தானே பப்ளிஷர் ஆகிவிட்டார். இரண்டு பாதியும் ஒரே பாக்கெட். முதல் வருஷங்களில் அந்த இரண்டு பாதியையும் கூட்டினால் ஒரு டீ குடிக்கலாம். அஸெட் என்பது அப்படித்தான்; வாங்கின அன்றைக்குச் சிரிப்பாக இருக்கும்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், மாமா கையில் வைத்திருந்த காகிதம். ஒரு கம்பெனி பையனின் ஆறு பீஸ்களுக்கு மொத்தமாக 25,000 ரூபாய் தருவதாக எழுதியிருந்தது. மாமாவுக்கு அதில் ரூபாய் என்ற வார்த்தை மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. நான் மூன்றாவது ஷரத்தைப் படித்துக் காட்டினேன். சகல உரிமைகளும், சகல வடிவங்களிலும், இப்போது இருக்கிறதும் இனிமேல் கண்டுபிடிக்கப் போகிறதுமான சகல சாதனங்களிலும், பிரபஞ்சம் முழுவதிலும், என்றென்றைக்கும் கம்பெனிக்கே சொந்தம். பிரபஞ்சம் முழுவதிலும்! செவ்வாய் கிரகத்தில் யாராவது கேட்டாலும் தம்பிக்குப் பைசா கிடையாது.

நம் ஊரில் பல காலமாக நடந்தது இதுதான். ட்யூன் போட்டவர் ஒரு தொகை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். முப்பது வருஷம் கழித்து அவர் பாட்டு ரேடியோவிலும் டி.வி.யிலும் கல்யாண மண்டபத்திலும் முழங்கும். அவர் பஸ் ஸ்டாப்பில் நின்று அதைக் கேட்பார். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சினிமாவிலோ ரிகார்டிலோ சேர்ந்த பாட்டுக்கு, தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற உபயோகங்களில் வரும் ராயல்டியில் எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு. அந்தப் பங்கைத் தன் வாரிசுக்கோ ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுத்தர முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. சட்டம் வந்தாயிற்று. ஆனால் ஷரத்து அடிக்கிற டைப்பிஸ்டுக்கு இன்னும் தகவல் போகவில்லை போலிருக்கிறது.

"மூணாவது ஷரத்தை மாத்தித் தரச் சொல்லு. பணத்தைக் குறைச்சாலும் பரவாயில்லை" என்றேன்.

"குறைச்சாலுமா?" என்றார் மாமா.

"அண்ணா சொல்றது சரிப்பா" என்றான் பையன். அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினான். 'டிஸ்கஸ் பண்ணிட்டுச் சொல்றோம்' என்று பதில் வந்திருக்கிறது. இன்னும் டிஸ்கஸ் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மாமாவுக்கு டாக்ஸி விஷயம் தொண்டையில் முள்ளாகவே நின்றது. "அப்படி என்னதான் ஆச்சு அந்த மனுஷனுக்கு?" என்றார்.

டாக்ஸி ஓட்ட ஆரம்பித்தது எழுபதுகளில். சாயங்காலம் வண்டி எடுத்தால் ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்குக் கொண்டுபோய் விடுவார். வீட்டுக்கு வந்து விடியும் வரை எழுதுவார். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து தூங்குவார். அந்தக் காலத்து நியூயார்க்கில் ராத்திரி டாக்ஸி என்பது கொள்ளை, கொலை எல்லாம் சகஜமான தொழில். 1976-ல் 'டாக்ஸி டிரைவர்' என்று மார்ட்டின் ஸ்கார்ஸஸி ஒரு பிரமாதமான படம் எடுத்தாரே, அந்த ஊர்தான். ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து ஸ்கார்ஸஸியின் 'குந்துன்' (1997) படத்துக்கு இசையமைக்கப் போனபோது, அந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்றாராம் கிளாஸ். டைரக்டருக்கு ஆச்சரியம். நானே டாக்ஸி டிரைவராக இருந்தேன். லீவு கிடைக்கிற ஒரு ராத்திரியில் போய் 'டாக்ஸி டிரைவர்' பார்ப்பேனா?

அந்த விடியற்காலைகளில் எழுதியதுதான் 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்'. ராபர்ட் வில்ஸன் என்ற நாடகக்காரரோடு சேர்ந்து செய்த ஆப்பரா. ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இடைவேளை கிடையாது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விட்டு வரலாம். கதை கிடையாது. பாடகர்கள் முக்கால்வாசி நேரம் எண்களையும் ஸ்வரப் பெயர்களையுமே பாடுவார்கள். 1976 ஜூலையில் பிரான்ஸில் அவிந்யோன் விழாவில் அரங்கேறி, ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு, நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பரா ஹவுஸில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வாடகைக்கு எடுத்த அரங்கம்தான். ஆனாலும் ஏறத்தாழ 4,000 இடமும் நிரம்பி, டிக்கெட் கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போனார்கள். எட்டு வருஷத்துக்கு முன் ஆறு பேரில் ஒருவராக உட்கார்ந்திருந்த அம்மாவும் வந்திருந்தார். இந்தத் தடவை தலைமுடி பற்றிப் பேச்சில்லை.

மறுநாள் கணக்கு முடித்துப் பார்த்தால், ஏறத்தாழ 1 லட்சம் டாலர் கடன்!

ஹவுஸ்ஃபுல் ஆன பிறகு எப்படிக் கடன் என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் காஸ்ட் அக்கவுன்டிங் வாத்தியார் இருந்திருந்தால் போர்டில் படமே போட்டிருப்பார். ஆப்பரா என்பது டிக்கெட் விற்றுக் கட்டுப்படியாகிற சரக்கே இல்லை. செட், லைட், கப்பல் செலவு, அத்தனை பேர் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை என்பதால் அரங்கத் தொழிலாளர்களுக்கு அதிகக் கூலி. எல்லா ஸீட்டும் விற்றாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் நஷ்டம். எத்தனை ஆட்டம் போட்டார்களோ அத்தனை மடங்கு நஷ்டம். பெரிய ஆப்பரா கம்பெனிகளே நன்கொடையில்தான் ஓடுகின்றன. இவர்கள் இருவருக்கும் அந்தச் சமாசாரம் வழியில்தான் தெரிந்தது.

ஆகவே கிளாஸ் மறுபடியும் டாக்ஸி எடுத்தார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டிய அதே வாரம். பளபளப்பாக உடுத்திய ஒரு அம்மாள் வண்டியில் ஏறி, முன்னால் மாட்டியிருந்த டிரைவர் லைசென்ஸில் பெயரைப் படித்துவிட்டு முன்பக்கம் குனிந்து, தம்பி, ரொம்பப் பிரபலமான ஒரு கம்போஸரின் பெயர் உனக்கு இருக்கிறது, தெரியுமா என்று கேட்டாராம்.

இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினார். ஆனால் அந்த லட்ச ரூபாய்க் கேள்விக்கு, மன்னிக்கவும், லட்ச டாலர்க் கேள்விக்கு விடை ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நெதர்லாந்து ஆப்பராவின் டைரக்டர் வந்தார். நிஜமான ஆர்க்கெஸ்ட்ரா, நிஜமான கோரஸ் எல்லாம் வைத்து ஒரு நிஜமான ஆப்பரா எழுதுகிறீர்களா என்று கேட்டார். பணம் ராட்டர்டாம் நகரத்துடையது. 1978-ல் அதுவும் ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன் உதவியும் சேர, 41 வயசில் டாக்ஸிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். சங்கீதத்திலிருந்து முதல் தடவையாக முழு வயிற்றுக்கு வருமானம்.

எழுதியது என்ன தெரியுமா? 'சத்யாகிரகா'. காந்தி தென் ஆப்பிரிக்காவில் இருந்த வருஷங்கள். காலிம்பாங்கில் ஒரு கம்பளக் கடையில் உப்பு சத்தியாகிரக நியூஸ்ரீலைப் பார்த்ததிலிருந்து மனசில் ஊறிக்கொண்டிருந்த விஷயம். வார்த்தைகள் முழுக்க பகவத் கீதையிலிருந்து, ஸமஸ்கிருதத்தில். டச்சுக்காரர்கள் ஊரில் அமெரிக்கர் இசையில் ஸமஸ்கிருதம்! மூன்று அங்கங்களுக்கும் டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் என்று பெயர். தில்லையாடி வள்ளியம்மை அதில் இல்லை என்பது எனக்குக் குறைதான். 'மிஸஸ் நாயுடு' என்று ஒரு பாத்திரம் உண்டு. தம்பி நாயுடு குடும்பத்தை நினைத்து அதோடு திருப்திப்பட்டுக்கொள்ளலாம். 1980 செப்டம்பர் 5-ல் ராட்டர்டாமில் அரங்கேற்றம். 2008-ல் நியூயார்க் மெட்ரோபாலிடனே அதைத் தன் செலவில் மேடையேற்றியது. இந்தத் தடவை வாடகை கிடையாது.

மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ இவனுக்கு இன்னும் பதினேழு வருஷம் இருக்கு" என்றார்.

"இங்கே டாக்ஸிக்குப் பதிலா சாஃப்ட்வேர் இருக்கே மாமா, பகல்ல அதைப் பண்ணட்டும்" என்றேன். பையன் யோசிக்கிறான். ராத்திரி வேலைக்கு நேரம் இருக்குமா என்பதுதான் அவன் கவலை. ஐ.டி. கம்பெனியில் ஸ்பானரைக் கீழே வைக்கிற நேரம் எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து 'மியூஸிக் இன் ட்வெல்வ் பார்ட்ஸ்'ஸில் ஆரம்பிக்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். 'கிளாஸ்வொர்க்ஸ்' (1982) என்று ஒரு ஆல்பம் இருக்கிறது. வாக்மேன் வந்த புதிது என்பதால், காதில் மாட்டிக் கேட்பவர்களுக்கென்றே கேஸட்டுக்குத் தனியாக மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். கடைக்காரர் பிள்ளை அல்லவா? அதில் முதலில் 'ஓப்பனிங்' என்று தனிப் பியானோ, ஆறு நிமிஷம்தான். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஸ்பீக்கரில் வேண்டாம். நான் போட்ட நாலாவது நிமிஷம் சமையலறையிலிருந்து, "ஏதோ ஸ்டக் ஆயிடுத்து, ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடுங்கோ" என்று குரல் வந்தது.